மலை எழுந்திருக்கும் நேரம்

போளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தியேட்டரில் வெள்ளிக்கிழமை மேட்னி பார்ப்பவர்களுக்குக் கிளைமாக்ஸ் வருகிறது என்பதை இசையமைப்பாளர் மேளம் கொட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நடுவரிசையில் ஒரு கும்பல் மொத்தமாக எழுந்திருக்கும். செருப்பைத் தேடும். பையைத் தேடும். யாராவது ஒருவர் பக்கத்து ஆளின் செருப்பில் காலை விட்டுக்கொண்டு திட்டு வாங்குவார். திரையில் வில்லன் கதாநாயகியின் கழுத்தில் கத்தியை வைத்திருப்பான். அதை ஒரு பார்வை பார்த்து, "வெச்சிட்டான்டா" என்று வருத்தப்பட்டுவிட்டுக் கும்பல் வெளியேறிவிடும்.

"மலை எழுந்துடுச்சி" என்பார்கள் போளூர்க்காரர்கள். வில்லனுக்கு நேரம் முடிந்தது என்று அர்த்தம். கேன்டீன்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் கதவைத் திறக்கப் போவார்.

குற்றம் படங்களின் மேல் இல்லை, காசியின் ஜீப் மேல். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரையும் தாண்டி உள்ளே கிடக்கும் நெல்லிமரத்தூருக்குப் போகிற அந்த ஜீப்புக்கு ஒரு கண்தான் எரியும். இன்னொரு ஹெட்லைட்டை அடுத்த வாரம் மாற்றுகிறேன் என்று காசி சொல்ல ஆரம்பித்தபோது அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இப்போது அவன் மகள் காலேஜ் போகிறாள். ஒற்றைக் கண்ணோடு இருட்டில் வளைவு ஏற முடியாது. ஆகவே ஐந்து மணிக்கு வண்டி கிளம்பிவிடும். ஆகவே நாலே முக்காலுக்கு மலை எழுந்திருக்கும். ஒரு பல்பு எரியாத காரணத்தால் ஓர் ஊர் முழுக்க எந்தப் படத்தின் முடிவையும் தியேட்டரில் பார்க்காமல் ஒரு தலைமுறை ஓட்டிவிட்டது. இதற்காக யாரும் மனு கொடுத்ததில்லை. காரணம், ஊரில் ரஞ்சிதம் இருந்தாள்.

ரஞ்சிதம் டெய்லர். ஊரில் ஜாக்கெட் போடுகிற எல்லாருடைய அளவும் அவள் வாயில் இருக்கும். லைனிங் துணி, நூல், கொக்கி வாங்க வெள்ளிக்கிழமை தோறும் போளூர் இறங்குவாள். சாமையும் புளியும் பலாப்பழமும் இறக்க வந்தவர்களுக்கு மத்தியானத்துக்கு மேல் வேலை இராது. வெயிலுக்கு ஒதுங்க தியேட்டரைவிட நல்ல இடம் போளூரில் கிடையாது. படம் நல்லதோ கெட்டதோ, மின்விசிறி ஓடும். திரும்பும்போது ஜீப்பில் ஏறிய உடனே பேச்சு ஆரம்பித்துவிடும். இன்னின்னது நன்றாக இருந்தது, அந்தப் பெண்ணுக்கு நடிப்பு வரவில்லை, பாட்டு நடுவில் வந்து உயிரை வாங்கியது என்று ஆளாளுக்குச் சொல்லி முடிக்க முதல் வளைவு வந்துவிடும். அதற்கப்புறம் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். முன்சீட்டிலிருந்து ரஞ்சிதம் திரும்பிப் பார்த்து, அந்தப் படம் எப்படி முடிந்தது என்று சொல்வாள்.

பார்க்காததை எப்படிச் சொல்வாள் என்று கேட்கக் கூடாது. துணியைப் பார்த்தால் ஜாக்கெட் தெரியவில்லையா, அது போலத்தான் என்பாள். ஜீப்பில் முன்சீட்டு முடிவு சொல்கிற ஆளுக்குத்தான் என்பது வழக்கம். பின்னால் சாமான் மூட்டைகளுக்கு நடுவில் முட்டி இடிக்க உட்காருகிறவர்களுக்குத்தான் அந்தச் சீட்டின் மதிப்பு தெரியும். பிரசிடென்ட் வந்தால்கூடப் பின்னால்தான்.

மலையில் படங்களுக்குப் பெயரும் கிடையாது. 'ஊமை அண்ணன் படம்', 'ரெண்டு இன்டர்வல் படம்' (அன்று இரண்டு தடவை கரன்ட் போனது), 'சும்மா சும்மா மழை பெய்யிற படம்', இப்படித்தான். பழைய கறுப்பு வெள்ளைப் படமானாலும் போன வாரம் வந்ததானாலும் ரஞ்சிதத்துக்கு ஒரே கொள்கை: நல்லவன் சாகக் கூடாது, கெட்டவன் கொஞ்சமாவது அழ வேண்டும், கதாநாயகியின் அம்மாவுக்குக் கடைசியில் ஒரு நல்ல புடவை கிடைக்க வேண்டும். என்றைக்காவது அதே படம் டிவியில் வந்து வேறு மாதிரி முடிந்தால், விளம்பரக்காரர்கள் வெட்டி ஒட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று ஊர் பரிதாபப்படும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த உலக சினிமாவுக்குக் கலசப்பாக்கத்திலிருந்து ஆபத்து வந்தது. ரஞ்சிதத்தின் கொழுந்தன் அன்பரசனைக் கட்டிக்கொண்டு வந்த நிவேதாதான் அந்த ஆபத்து. மலைக்குக் கீழே சமவெளியில் பிறந்த கீழ்நாட்டுப் பெண். பிறந்த வீட்டிலிருந்து தியேட்டர் நடக்கிற தூரம். படம் போட்டால் பெயர் ஓடுவதிலிருந்து கடைசியில் நன்றி போடுகிறவரை உட்கார்ந்து பார்க்கிற வம்சம். நல்ல பெண், ஆனால் ஜீப்பின் வழக்கம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை அவளும் ஜீப்பில் வந்தாள். அன்று பார்த்தது புதுப்படம், போலீஸ்காரன் படம். ரஞ்சிதம் அந்தப் போலீஸ்காரனுக்குத் தோளில் ஒரு குண்டு வாங்கிக்கொடுத்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்க வைத்து, பக்கத்தில் அவன் அம்மாவைப் புதுப்புடவையோடு நிறுத்தியிருந்தாள். சாமை விற்றுவிட்டுத் திரும்புகிற அம்மாக்கண்ணு பெரிம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து நிவேதா, கணக்கில் தப்பைத் திருத்துகிற டீச்சர் மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"இல்லக்கா. அவரு செத்துடுவாரு. நான் மொத வாரமே பாத்துட்டேன்."

காசி பிரேக் போட்டான். அந்த பிரேக் அவ்வளவு சுத்தமாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பின்னால் விற்காமல் மீந்த ஒரு பலாப்பழம் உருண்டு வந்து துரைக்கண்ணுவின் காலில் நின்றது.

"யாரு சாவறது?" என்றாள் அம்மாக்கண்ணு. "இப்பத்தான கண்ணத் தொறந்தான்."

துரைக்கண்ணு பலாப்பழத்தை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றார். ஜீப்பில் எழுந்து நிற்க முடியாது, பாதி எழுந்தார். முன்சீட்டின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். தானும் பார்க்காத முடிவுகளைச் சொல்லக்கூடியவர்தான் என்று பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார், ஆனால் அவர் முடிவுகளில் எல்லாரும் கோர்ட்டுக்குப் போவார்கள், ஊர் ஏற்கவில்லை. இப்போது கேட்டார்: அப்படியானால் இத்தனை வருஷமாக ரஞ்சிதம் சொன்னதெல்லாம் என்ன? எல்லாமே சொந்தத் தயாரிப்பா? அதைவிட முக்கியமாக, மாட்டுவண்டிப் படம்?

மாட்டுவண்டிப் படம் சாதாரணப் படம் இல்லை. அண்ணன் தம்பி சண்டையில் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிக்கொள்கிற பழைய கதை. தியேட்டரில் அதை எப்போதோ போட்டபோது, சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் நிற்கிற இடத்தில் மலை எழுந்துவிட்டது. ரஞ்சிதம் அன்று ஜீப்பில் அந்தச் சுவரை இடித்துக் காட்டினாள். அதைக் கேட்டுவிட்டுப் போய்த்தான் துரைக்கண்ணு, தனக்கும் அண்ணன் கோபாலுக்கும் நடுவிலிருந்த முள்வேலியைப் பிடுங்கிப் போட்டார். அன்றிலிருந்து நடுவில் நிற்கும் பலாமரம் இரண்டு வீட்டுக்கும் பொது.

"செவுரு இடியலைன்னா சொல்லிடு ரஞ்சிதம்," என்றார் துரைக்கண்ணு. "நான் வேலிய மறுபடி போட்டுக்கறேன். அந்த மரத்துல என் பக்கம்தான் ஜாஸ்தி காய்க்குது."

சொல்லி வைத்தது போல எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. பழைய படங்களைக் கழுவித் துடைத்துப் புதுசு மாதிரி போடுகிற காலமல்லவா, அடுத்த வெள்ளிக்கிழமை மாட்டுவண்டிப் படம் வருகிறது என்று போளூர்ச் சுவரெல்லாம் போஸ்டர். பஞ்சாயத்து ஜீப்பிலேயே முடிந்தது. அன்று ஒரு நாள் காசி ஆறு மணி வரை வண்டியை நிறுத்தி வைப்பான். மலை முழுக்கக் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கும். சுவர் இடிந்தால் முன்சீட்டு ரஞ்சிதத்துக்கு. இடியாவிட்டால் துரைக்கண்ணுவுக்கு. ஹெட்லைட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குக் காசி டார்ச் லைட் கொண்டுவருவதாகச் சொன்னான். பல்பு வாங்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஒரு வாரம் ரஞ்சிதம் தைத்த ஜாக்கெட் எதுவும் யாருக்கும் சரியாக இல்லை. இடது கைக்கு வலது கை வைத்தாள். சீட்டுப் போனால் போகட்டும், முட்டி வலி பழகிக்கொள்ளலாம். ஆனால் இனிமேல் எந்தப் படத்தைப் பற்றி வாயைத் திறந்தாலும், "நீ பாத்தியா?" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வருமே, அதை எந்த லைனிங் கொடுத்து மறைப்பது? நிவேதா இரண்டு தடவை வந்து, "தெரியாம சொல்லிட்டேங்க்கா" என்றாள். "நீ இன்னா பண்ணுவ, கண்ணு இருக்குது, பாத்துட்ட" என்று ரஞ்சிதம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மலை நடுவரிசையில் உட்கார்ந்தது. படம் கழுவியதில் நன்றாகத்தான் வெளுத்திருந்தது. மாடுகள் முதற்கொண்டு பளபளவென்று இருந்தன. அண்ணன் தம்பி அடித்துக்கொண்டார்கள், சுவர் எழும்பியது, இருவரும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். அண்ணன் சுவர்மேல் கையை வைத்தான்.

மணி நாலே முக்கால்.

மலை எழுந்தது.

யாரும் நினைத்து எழவில்லை. கால்கள் எழுந்தன. இத்தனை வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் எழுந்த கால்களுக்குப் பஞ்சாயத்துத் தீர்மானமெல்லாம் புரியாது. செருப்பு தேடப்பட்டது, பை தேடப்பட்டது, அம்மாக்கண்ணு "வெச்சிட்டான்டா" என்றாள். துரைக்கண்ணுதான் முன்னால் போனார். வெளியே வந்து பாதி டீ குடித்தபின்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். போன ஆளை உள்ளே விடும் வழக்கமில்லை என்று கேன்டீன்காரர் சொல்லிவிட்டார்.

ரஞ்சிதமும் எழுந்தாள். ஆனால் புடவை எழவில்லை. முந்தானையின் நுனி நிவேதாவின் முஷ்டிக்குள் இருந்தது. "உக்காருங்க்கா," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆகவே ரஞ்சிதம் வாழ்க்கையில் முதல் முறையாகத் தியேட்டரில் ஒரு படத்தின் முடிவைப் பார்த்தாள். சுவர் இடியவில்லை. அண்ணன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறான். தம்பிக்கு மாட்டு மணிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அது தேய்கிறது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. அவ்வளவுதான். புதுப்புடவை யாருக்கும் இல்லை.

ரஞ்சிதம் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுகைக்கு நடுவே கோபமும் வந்தது. "நாம போனப்பறம் இவனுங்க இந்த மாதிரி வேலயா பண்ணினு இருந்தானுங்க?" என்றாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, நாணயமான ரசிகை என்பதால் இதையும் சொன்னாள்: "நல்லாத்தான் முடிச்சிருக்கான், பாவி."

ஜீப்பில் எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டு காலி. துரைக்கண்ணு அதன் பக்கத்தில் ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றார். காசி கையில் டார்ச். ரஞ்சிதம் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டு வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை. பார்க்காததை மடமடவென்று சொல்கிற வாய்க்குப் பார்த்ததைச் சொல்லத் தெரியவில்லை, மறைக்கவும் தெரியவில்லை. "படம் நல்லா இருந்துது" என்றதோடு நின்றுவிட்டாள்.

துரைக்கண்ணு நிவேதாவிடம் திரும்பினார். அவள் சாட்சி. போலீஸ்காரனையே காப்பாற்றாத பெண், சுவரையா காப்பாற்றப் போகிறாள்?

"ஏம்மா, நீ சொல்லு. செவுத்த இடிச்சாங்களா இல்லியா?"

நிவேதா ஜீப்பைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டிருந்த ரஞ்சிதத்தைப் பார்த்தாள். துரைக்கண்ணுவின் அந்த ஒரு காலையும் பார்த்தாள்.

"இடிச்சாங்க மாமா," என்றாள். "அக்கா சொன்ன மாதிரியேதான். ஆனா அக்கா ஒன்ன உட்டுட்டாங்க. இடிச்ச கல்லையெல்லாம் தம்பிக்காரன் தூக்கினு போயி, அண்ணனுக்கு மாட்டுக் கொட்டாய் கட்டிக் குடுப்பான். அந்த எடத்துல தியேட்டரே அழுவுது."

கோபால் தம்பியிடம் மாட்டுக் கொட்டகைக்குக் கல் கேட்டு மூன்று மழைக்காலம் போய்விட்டது என்பது ஊருக்கே தெரியும். வந்து சில மாதமே ஆன பெண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. துரைக்கண்ணு காலை வெளியே எடுத்துக்கொண்டார்.

"தியேட்டரே அழுவுதா?" என்றார்.

"நான் பக்கத்துலதான் இருந்தேன். அக்காவப் பாருங்க, இன்னும் மூக்கு செவந்து கீது."

மறுக்க முடியாத சாட்சியம் அது. எல்லாரும் ரஞ்சிதத்தின் மூக்கைப் பார்த்தார்கள். ரஞ்சிதம் எழுந்துபோய் முன்சீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, ஒடுங்கி நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டாள். "வா, ஏறு," என்றாள் நிவேதாவிடம். "கொட்டாய் எனக்குத் தோணவே இல்ல பாரேன்."

ஜீப் கிளம்பியது. இருட்டிவிட்டது. எரிகிற கண் ஒரு பக்கம், காசியின் டார்ச்சை வெளியே நீட்டிக்கொண்டு துரைக்கண்ணு மறுபக்கம். முதல் வளைவில் பின்னாலிருந்து அம்மாக்கண்ணுவின் குரல் வந்தது.

"ஏம்மா நிவேதா, அப்ப அந்தப் போலீஸ்காரப் புள்ள?"

நிவேதா ரஞ்சிதத்தைப் பார்த்தாள். ரஞ்சிதம் வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டைக் கடித்தபடி.

"பொழச்சிட்டாரு பெரிம்மா," என்றாள் நிவேதா. "நான் அன்னைக்குச் சரியா பாக்கல."