காதுக்காரி லைசென்ஸ் வாங்கிய நாள்

பஸ் டிப்போவுக்கு எதிரே இருக்கும் அந்த ஒர்க்‌ஷாப்பில் அவளுக்குப் பெயர் காதுக்காரி. வயது நாற்பத்தொன்று. பதினான்கு வருஷமாக பிரேக் வேலை மட்டும்தான் பார்க்கிறாள். எஞ்சின், கியர், ஏசி எல்லாம் மற்றவர்கள் பாடு. பிரேக் என்று யாராவது வாயைத் திறந்தால் முதலாளி தலையைக்கூடத் தூக்க மாட்டார், கட்டை விரலை அவள் பக்கம் காட்டிவிடுவார்.

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அவள் சொல்வது ஒன்றுதான். "சத்தம் எப்படி வருது? வாயால போட்டுக் காட்டுங்க."

டை கட்டின மேனேஜரானாலும் வாயால் சத்தம் போட்டே ஆக வேண்டும். ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டு "கீ" என்பார். "கீயா, கீச்சா? இழுத்து வருதா, வெட்டி வெட்டி வருதா?" என்று விட மாட்டாள். மெலிதாகக் கீச்சென்று இழுத்தால் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, எச்சரிக்கைக்கென்றே அதில் வைத்திருக்கும் சின்னத் தகடு சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை உரசுகிறது என்று அர்த்தம். சீக்கிரம் மாற்ற வேண்டும். கரகரவென்று வந்தால் பேட் முழுசாகத் தீர்ந்து இரும்போடு இரும்பு தேய்கிறது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு பிரேக்குக்கு மட்டும் கத்திவிட்டு அடங்கினால் அது லேசான துரு. "அதுக்கா வந்தீங்க?" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

ஒரு தடவை ஒரு தலைமையாசிரியை நடு ஒர்க்‌ஷாப்பில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, பூனையும் தகரமும் சண்டை போடுவது போல ஒரு சத்தம் எழுப்பினார். எல்லாரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். காதுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. "டிஸ்க்குக்கும் பின் தகட்டுக்கும் நடுவுல கல்லு மாட்டியிருக்கு" என்றாள். கழற்றிப் பார்த்தால் பட்டாணி அளவில் ஒரு கல். அதைத் தலைமையாசிரியை கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார்.

இவ்வளவு கெட்டிக்காரிக்குக் கார் ஓட்டும் லைசென்ஸ் கிடையாது.

சரிபார்த்த வண்டியை ஓட்டிப் பார்ப்பது முதலாளிதான். இவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே காதை நீட்டிக்கொண்டு போவாள். நான்கு தடவை தேர்வுக்குப் போனாள், நான்கு தடவையும் ஊத்திக்கொண்டது. ஒரு தடவை, முன்னால் போன லாரி பிரேக் போட்ட சத்தம் சரியில்லை என்று அதைத் துரத்திக்கொண்டு போய், தேர்வுப் பாதையை விட்டு இரண்டு தெரு தாண்டிவிட்டாள். இன்னொரு தடவை சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டுமென்று எஞ்சினையே அணைத்துவிட்டாள். மற்ற இரண்டையும் அவளே வெளியில் சொல்வதில்லை.

"ரோட்டுல பிரேக்கைத் தவிர மனுஷங்களும் இருக்காங்கம்மா" என்பார் அவள் வீட்டுக்காரர். அவர் தையல்காரர், சாதுவான மனிதர். ஐந்தாவது தேர்வுக்காக ராசியான நீல நிறத்தில் புதுச் சட்டையும் பேன்ட்டும் தைத்துப் போட்டுவிட்டு, ஸ்கூட்டரில் உட்கார வைத்து அவரே கூட்டிக்கொண்டு போனார்.

தேர்வு அதிகாரியை அங்கே சிரிக்காதவர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஒல்லியான ஆள், கையில் அட்டை, அட்டையில் படிவம், வலது முழங்காலில் பேன்ட்டுக்கு மேலேயே இறுக்கிக் கட்டிய ஒரு பட்டை. தேர்வுக்கென்று அலுவலகமே கொடுத்த வெள்ளைக் காரில் அவர் ஏறி உட்கார்ந்ததும் அவள் வணக்கம் சொன்னாள். அவர் படிவத்துக்குத்தான் தலையசைத்தார்.

மைதானத்தில் முதலில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட வேண்டும். பிறகு கேட்டைத் தாண்டி, இறக்கத்தில் மார்க்கெட் வரைக்கும் போய்வர வேண்டும்.

"பின்னால எடுங்க. நிறுத்துங்க."

நிறுத்தினாள். முன் சக்கரத்தில் 'டக்'.

"முன்னால எடுங்க. நிறுத்துங்க."

மறுபடியும் 'டக்'. இன்னும் கொஞ்சம் முன்னால் போய்ப் பிரேக் போட்டாள். சத்தம் இல்லை. திசை மாறினதும் போடுகிற முதல் பிரேக்குக்கு மட்டும் வருகிறது! அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரும் சொல்லாமலே வண்டியைப் பின்னால் எடுத்தாள். டக்.

"அம்மா, நான் சொல்லலையே?"

"ஒரே ஒரு தடவை சார்."

முன்னால் போனாள். டக். பின்னால் வந்தாள். டக். அதிகாரியின் தலை கோழித் தலை மாதிரி முன்னும் பின்னும் ஆடியது. அவர் பேனா படிவத்தின் குறுக்கே தன் பாட்டுக்குக் கோடு இழுத்தது. வரிசையில் காத்திருந்தவர்களுக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை, ஆனாலும் உற்சாகம் தாங்கவில்லை. "எட்டு! ஒன்பது!" என்று கூட்டமாக எண்ண ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் ஹெல்மெட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதினொன்றோடு நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தாள்.

"சார், இந்த வண்டியை நான் இறக்கத்துல எடுக்க மாட்டேன்."

"எடுக்கலைன்னா ஃபெயில்தான்."

"போட்டுக்குங்க சார். எனக்கென்ன புதுசா?"

சொல்லிவிட்டு, சக்கரம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்படி ஸ்டியரிங்கை வெட்டிவிட்டு இறங்கி, அப்படியே மண்ணில் மல்லாந்து படுத்தாள். "ஐயோ, புதுச் சட்டை!" என்று தூரத்தில் ஒரு குரல் கேட்டது.

"சார், கொஞ்சம் வாங்க. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்குது பாருங்க இந்தப் பெட்டி, காலிப்பர்னு பேரு, இதுக்கு ரெண்டு போல்ட்டு. ஒண்ணைக் காணோம். மிச்சம் இருக்கிறதை நீங்களே விரலால திருப்பிப் பாருங்க."

அவர் முனகிக்கொண்டே குந்தி உட்கார்ந்து கையை நீட்டினார். தண்ணீர் பாட்டில் மூடி மாதிரி போல்ட்டு சுலபமாகத் திரும்பியது. அவர் அதை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அந்த டக்குனு வர்ற சத்தம்... இதுதானா?"

"இதேதான் சார். உங்களுக்கும் கேட்டுச்சா?"

"மூணு மாசமா கேக்குது."

"அப்புறம் ஏன் சார் யார்கிட்டயும் சொல்லல?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது என் முழங்கால்னு நினைச்சேம்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவரோ சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. "மாத்திரை சாப்பிடறேன். வீட்டுல தினமும் எண்ணெய் போட்டுத் தேய்க்கிறா. மாடியில இருந்த என் ஆபீஸ் ரூமைக்கூடக் கீழே மாத்திக் கேட்டு வாங்கிட்டேன். காலுல வலியே இல்ல, சத்தம் மட்டும் வருதுன்னு டாக்டர்கிட்ட சொன்னா, அவரு என்னை ஒரு மாதிரி பாக்குறாரு!"

அவ்வளவுதான். அவளுக்கு அடக்க முடியவில்லை, மண்ணில் படுத்தபடியே சிரித்தாள். அவர் முகத்தில் முதலில் மீசை ஆடியது, பிறகு தோள் ஆடியது, பிறகு ஆள் மொத்தமும் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வர, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காவலாளி ஓடிவந்தார். அதிகாரிக்கு வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்தாராம். அதிகாரி எழுந்து, பட்டையைக் கழற்றி வீசிவிட்டு, மைதானத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு ஓட்டம் ஓடிக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டாள். "அண்ணே, காலிப்பர் போல்ட்டு நாலு, பெரிய ஸ்பேனர், ஜாக்கி."

"பரீட்சைக்குப் போனியா, வேலைக்குப் போனியா தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டே முதலாளி கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். இரண்டு பக்கமும் புதுப் போல்ட்டாகப் போட்டு முடுக்கினாள், மற்ற சக்கரங்களையும் ஆட்டிப் பார்த்தாள், சட்டையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டாள். கிளம்பலாம் என்று பார்த்தால் அதிகாரி மறுபடியும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"தேர்வு இன்னும் முடியலம்மா. எடுங்க வண்டியை."

இறக்கத்தில் மெதுவாக இறங்கினாள். பிரேக் போட்டாள், சத்தம் இல்லை. மறுபடி போட்டாள், மூச்சுக்கூட இல்லை. கேட்பதற்கு எதுவும் இல்லாததால் முதல் தடவையாகக் கண்ணால் ரோட்டைப் பார்த்தாள். எவ்வளவு அகலம்! இரண்டு பக்கமும் மரம், ஒரு பெரியம்மா பை நிறையக் காயோடு குறுக்கே போகிறார், சிக்னல் பச்சைப்பசேலென்று எரிகிறது. பெரியம்மாவுக்கு நின்று வழிவிட்டாள், மார்க்கெட்டில் ஒழுங்காகத் திரும்பினாள், சைக்கிள்காரருக்கு ஒதுங்கினாள், மேட்டில் ஏறி மைதானத்துக்குள் கோடுகளுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

பழைய படிவம் கோடு விழுந்து பாழாகியிருந்தது. அதிகாரி வேறொரு படிவம் எடுத்து எழுதினார். 'பின்னால் எடுத்தல்' என்ற இடத்தில் 'தேவைக்கு மேலேயே பயிற்சி உண்டு' என்று போட்டார். கடைசியில் 'தேர்ச்சி'. அவள் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். வீட்டுக்காரர்தான் அதைப் பிடுங்கி, வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி தன் காரையே கொடுத்து, "ஒரு சுத்து போய்ட்டு வா" என்றார். வீட்டுக்காரர் முன் சீட்டில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து, தான் துணி தைத்துக் கொடுக்கிற வீடு ஒவ்வொன்றின் வழியாகவும் வண்டியை விடச் சொன்னார்.

"இங்க கொஞ்சம் மெதுவா போ, அந்த அக்கா பார்க்கட்டும். ம், ஹாரன் அடி. அடுத்தது பச்சை கேட்டு வீடு."

"ஏங்க, அவங்க ஊர்லயே இல்லையே?"

"பரவால்ல, அடி!"

அடித்தாள். பச்சை கேட்டு வீட்டு நாய் குரைத்தது. அதற்கும் வீட்டுக்காரர் கையைத் தூக்கி ஆட்டினார். சிரிப்பில் கண் மறைத்துவிடவே, இண்டிகேட்டர் போட்டு வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.