குடைத் துணியில் பறந்த முகமூடி வீரன்

1953-ம் வருஷம், கார்த்திகை மாதம். எங்கள் பகுதி அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. கருங்கல் என்ற ஊரில் ஓர் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. மனைவி இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பள்ளிப் படிப்பு கெட்டுவிடும் என்று ஏழு வயது மகளை என்னிடம் விட்டுப் போனாள். அம்மா போன நாளிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, பேசவும் இல்லை. நான் வைத்த ரசமும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடம் உண்டு என்று ஒருநாள் வந்து சொன்னாள். டென்ட் கொட்டகையில் பார்த்த படத்தில், கறுப்பு அங்கி பறக்க மாடிக்கு மாடி தாவுவானே முகமூடி வீரன், அந்த வேஷம்தான் வேண்டுமாம். பல நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாத நான், "அதுக்கென்ன மக்கா, அப்பா தைச்சுத் தாறேன்" என்று சொல்லிவிட்டேன்.

கறுப்புத் துணிக்கு எங்கே போவது? மனைவியின் சேலையில் கை வைத்தால் வீட்டில் குடியிருக்க முடியாது. மூலையில் சாத்தியிருந்த என் குடை கண்ணில் பட்டது. விழா முடிந்ததும் திரும்பத் தைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணியைக் கம்பிகளிலிருந்து அறுத்தெடுத்தேன். ஒரு பக்கத் தையலைப் பிரித்து, நடு ஓட்டையைக் கழுத்துக்குத் தக்கபடி பெரிதாக வெட்டி, நாடா வைத்துத் தைத்தேன். விரல் நுனியெல்லாம் பொத்தலானதுதான் மிச்சம். ஆனால் அங்கி அசல் அங்கியாகவே வந்துவிட்டது. அட்டையில் கரி பூசி முகமூடி, பழைய சைக்கிள் டியூபில் இடுப்புவார்.

குடையின் உள்பக்கம் சிவப்பு நூலில் ஒரு பூ தைத்திருந்தது. எல்லோர் குடையும் ஒரே கறுப்பு என்பதால் எங்கள் பக்கம் இப்படி அடையாளம் வைப்பார்கள். என் மனைவியும் ஏதோ தைத்து வைத்திருந்தாள். என்ன தைத்தாள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மகள்தான் சொன்னாள், "எப்பா, பூ வெளிய தெரியணும். வீரனுக்கு அடையாளம் வேண்டாமா?" துணியைப் புரட்டிப்போட்டு, பூ முதுகில் வரும்படி வைத்தேன்.

விழாவன்று மழை விட்டிருந்தது. என் மகள் மேடையில் ஓடி, சுழன்று, பெஞ்சிலிருந்து குதித்தாள். முகமூடி நழுவி, வீரன் ஒரு பெண்பிள்ளை என்று தெரிந்ததும் ஒரே கைதட்டல். அம்மா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்த நேரத்தில் நடு வரிசையில் ஒருவர் சட்டென்று எழுந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்படியே உட்கார்ந்ததைக் கவனித்தேன்.

எல்லாம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். என் வயதுதான் இருக்கும். கருப்பட்டி வியாபாரியாம்.

"சாரே, ஒங்க குடையில ஆமை உண்டுமா?"

"ஆமையா?"

கையிலிருந்த குடையை விரித்துக் காட்டினார். உள்ளே சிவப்பு நூலில் ஓர் ஆமை. தினமும் ஆபீசுக்குத் தாமதமாகக் கிளம்பும் எனக்கு என் மனைவி வைத்த பட்டம் அது. அப்போதுதான் புரிந்தது. பத்து நாளுக்கு முன் ஒரு சாயாக் கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தேன்; அன்று நான்தான் குடையை மாற்றி எடுத்து வந்திருக்கிறேன். வெட்டித் தைத்தது இவருடைய குடையை.

"பத்து நாளா சாயாக் கடையில கேட்டு நடக்கேன். குடை போனா போட்டு. அந்தப் பூவு எனக்க வீட்டுக்காரி தைச்சதாக்கும். அவ மரிச்சு ரெண்டு வருசமாச்சு" என்றார். குரல் உயரவே இல்லை. நாலு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பக்கத்தில் நின்ற மகளுக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். முகம் சுருங்கி, கழுத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். "இந்தாங்க மாமா."

அவர் சட்டென்று குந்தி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்தார். "அவுக்காத மக்கா. நீ மேடையில ஓடினப்ப கண்ணு நெறஞ்சு எனக்குச் செரியாத் தெரியல்ல. இன்னொருக்கா ஓடு, மாமன் பாக்கட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். ஈர மைதானத்தை ஒரு முழுச் சுற்று ஓடினாள். அங்கி விரிந்து பறந்தது. முதுகில் அந்தச் சிவப்புப் பூ. அவள் திரும்பி வரும்வரை அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"குடையாவே எனக்க கையில இருந்திருந்தா, இந்தப் பூவ இப்படிப் பாத்திருப்பனா?" என்றார்.

மறுநாளே சந்தையில் குடை ரிப்பேர் செய்பவரிடம் துணியைக் கொண்டுபோனேன். என் தையலைப் பார்த்துவிட்டு, "இத ஊசி வச்சுத்தான் தைச்சியளா?" என்று கேட்டார். கழுத்து ஓட்டையை அடைக்க, வியாபாரி திருப்பித் தந்த என் குடையிலிருந்து துணி வெட்டிக் கொடுத்தேன். பூ இருந்த பாகத்தில் கை படாமல் அவர் அதைப் பழையபடி கம்பியில் ஏற்றித் தந்தார். வியாபாரியின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். என் மகள் அவரோடு அன்று பேசிய பேச்சுக்கு அளவில்லை. நான் அந்த மழைக்காலம் முழுக்க நனைந்தேன், நனைய வேண்டியவன்தான்.

அவர் நடு வரிசையில் எழுந்த அந்த நிமிஷத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். "எனக்க குடை" என்று அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால், நியாயம் முழுக்க அவர் பக்கம்; ஆனால் என் மகள் மேடையிலேயே திருட்டு அங்கி போட்டவளாக ஆகியிருப்பாள். அன்றுமுதல், என் பக்கம் நியாயம் இருந்து கோபமும் வருகிறபோது, வாய் திறப்பதற்கு முன் அங்கே மேடையில் நிற்பது யார் என்று ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.