ஒரு கைப்பிடி மாடிக் கீரை

விஷம் என்ற சொல்லை என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவள் யூகேஜி படிக்கிறாள். கீரையைக் கண்டால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். கெஞ்சியும் மிரட்டியும் கார்ட்டூன் போட்டுக் காட்டியும் ஒன்றும் நடக்காத ஒரு மதியத்தில், "கடைக் கீரை வேணாம்டா. அதுல பூச்சி மருந்து அடிக்கிறாங்க, விஷம். நாமளே மாடில போடலாம். நம்ம கீரைன்னா சாப்பிடுவியா?" என்று கேட்டேன். கண்ணை அகல விரித்து, "சாப்பிடுவேன்" என்றாள். ஒரே சொல்லில் காரியம் முடிந்ததே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நூம்பல் பக்கம் கூலிக்கு வயல் வேலை செய்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். கீரைப் பாத்தியில் களை எடுத்துவிட்டு வரும் அம்மா, மருந்து அடித்த பாத்தி என்றால் சாயங்காலம் முழுக்கக் காலைச் சொறிந்துகொண்டிருப்பார். அந்தப் பாத்திக்குள் என்னை மட்டும் கால் வைக்க விட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்து என்ன சொன்னேனோ அதுதான் முடிவு. "படிச்ச புள்ள சொல்லுது" என்பார்கள். என் வாயிலிருந்து வருவதற்கு இருக்கும் எடை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்தும்தான் சொன்னேன்.

இப்போது அயனம்பாக்கத்தில், ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை. கீரை போடுவது எப்படி என்று அம்மாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். கூச்சமாக இருந்தது. இதிலிருந்து தப்பிக்கத்தானேடா உன்னைப் படிக்கவைத்தோம் என்று அவர் கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது? அதனால் எல்லாவற்றையும் யூடியூபில் பார்த்தேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் செடிப் பைகளை வரிசையாக வைத்து, மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் மூன்றையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கலந்தேன்.

சிறுகீரை விதை கடுகைவிடச் சின்னது. உள்ளங்கையில் கொட்டி மகளிடம் நீட்டினேன். அவள் மூக்கருகே வைத்துப் பார்த்துத் தும்மினாள். முதல் விதைப்பு அதோடு முடிந்தது. பிறகு பைக்குள் விதைத்ததைவிட, அன்றைக்குத் தும்மலில் பறந்து தளத்தின் விரிசல்களில் விழுந்தவைதான் செழிப்பாக வந்தன. இரண்டு வயது மகனுக்கு மண்ணில் பிடித்தது அதன் ருசி. ஒருநாள் வாயெல்லாம் நார்த்தூளோடு நின்றவனைப் பார்த்து நான் பதறினேன். என் மனைவி துணி காயப்போட்டபடியே, "ஆர்கானிக்தானே, துன்னட்டும் விடுங்க" என்றாள்.

வீட்டுக்குள்ளும் நிறைய மாறியது. பால்கனியில் பழைய பெயிண்ட் வாளியில் காய்கறித் தோல் மக்கத் தொடங்கி, புழு வைத்து, பக்கத்து வீட்டுக்கும் நாறியது. கடைக்குத் துணிப்பை. அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் செடிக்கு. இதற்கெல்லாம் என் மகள் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டாள். யாராவது சிங்க்கில் தண்ணீரைக் கொட்டினால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். எதைச் சொன்னாலும் கடைசியில், "எங்க அப்பா சொன்னாரு" என்று முடிப்பாள்.

முதல் அறுவடைக்குக் குடியிருப்பின் பிள்ளைகளையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். இரண்டாவது மாடியில் இருக்கும் கோயம்புத்தூர் அக்காவும் வருவதாகச் சொன்னார். காலையிலேயே பிள்ளைகள் பைகளைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கு நாலு செடியாக வேரோடு பிடுங்கினார்கள். முறத்தில் பார்த்தபோது குவியலாகத்தான் தெரிந்தது. அடுப்பில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் மனைவி கூப்பிட்டாள். சட்டியின் அடியில் ஒரு கரண்டி அளவுக்குப் பச்சையாக ஏதோ கிடந்தது.

"இத்தனை பேரைக் கூப்பிட்டு வச்சிருக்கீங்களே, கீரை வெந்தா சுருங்கும்னு உங்க வீடியோல சொல்லலையா?"

நான் கரண்டியால் ஒருமுறை கிளறிப் பார்த்தேன். கீழே கேட்டருகில், "கீரே... சிறுகீரே, அரைக்கீரே" என்று குரல் கேட்டது.

அந்தக் கீரைக்காரம்மா நாங்கள் குடிவந்ததிலிருந்து வருகிறவர். விடிவதற்குள் தோட்டத்தில் கட்டுகளை வாங்கி, கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக வருவார். கீரை போடுகிறவரும் அவர் இல்லை, மருந்து அடிக்கிறவரும் அவர் இல்லை. மனைவி பர்ஸை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். ஒரு நொடி என்னைப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை.

மாடியில் வட்டமாக உட்கார வைத்துப் பரிமாறினோம். சுடுசோறு, நெய், கடைந்த கீரை. கோயம்புத்தூர் அக்கா ஒரு வாய் போட்டதுமே, "ஏனுங்க தம்பி, இதுதானுங்க கீரை! கடைக் கீரைல இந்த ருசி வருமுங்களா?" என்றார்.

"எல்லாம் மண்புழு உரம்தாங்க்கா" என்று சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம். மனைவி தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் கீழே போய்விட்டாள். அப்போதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ, ஆனால் என் மகள் தட்டை நீட்டினாள். "அப்பா, இன்னும் கொஞ்சம் கீரை." பிறந்ததிலிருந்து அவள் வாயால் கேட்டறியாத வார்த்தை அது. வழித்து வைத்தேன்.

மறுநாள் காலை பள்ளி வேனுக்காகக் கேட்டருகில் நின்றோம். கீரைக்காரம்மா கூடையை இறக்கியிருந்தார். வழக்கம்போலப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூர் அக்கா கையிலும் ஒரு கட்டு இருந்தது. என் மகளைப் பார்த்ததும் கீரைக்காரம்மா ஒரு கொத்தமல்லிக் கொத்தை ஒடித்து, "இந்தா பாப்பா, மோந்து பாரு" என்று நீட்டினார்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம். உங்க கீரைல விஷம் இருக்கு. எங்க அப்பா சொன்னாரு. எங்க மாடிக் கீரைதான் நல்லது."

"அடி ஆத்தா!" கீரைக்காரம்மா சிரித்தார். "இத்தினி வருசமா நானும் இத்தத்தான் துன்னுகினு கீறேன். இன்னும் சாவலையே!"

வேறு யாரும் சிரிக்கவில்லை. "குழந்தை சொல்றதும் நெசந்தானுங்க. தம்பி வீட்டுக் கீரையத்தான் நேத்து சாப்பிட்டமே" என்று அக்கா தன் கையிலிருந்த கட்டை மெதுவாகக் கூடைக்குள் வைத்தார். மற்றவர்களின் கைகளும் கூடையைவிட்டு வெளியே வந்தன.

கீரைக்காரம்மா என்னைப் பார்த்தார். "இன்னா நைனா, பாப்பா இன்னாமோ சொல்லுதே. நீ படிச்ச புள்ள, நீ சொல்லு."

முந்தின நாள் காலையில் என் மனைவிக்கு மூன்று கட்டு கட்டிக்கொடுத்தவர் அவர். மாடியில் பிள்ளைகளுக்கு விருந்து என்று மனைவி அவரிடம் சொல்லியும் இருந்தாள். ஒரு வார்த்தை விட்டிருந்தால் என் மானம் அந்தக் கேட்டிலேயே போயிருக்கும். அவர் விடவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார்.

"சின்னப் பிள்ளைம்மா, ஏதோ உளறுது" என்றேன்.

என் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வேன் வந்தது. ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகும் கீரைக்காரம்மா வந்தார். கூவுவார், கூடையை இறக்குவார், கொஞ்ச நேரம் நிற்பார். எங்கள் வீட்டிலிருந்து மட்டும் மனைவி போவாள். ஒருநாள் திரும்பிவந்து, கட்டை மேடையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தம்மா கேக்குறாங்க. 'அல்லாரும் உட்டுட்டாங்கோ, நீ மட்டும் வாங்குறியே, உங்க ஊட்டுக்கு மட்டும் விசம் சேருமா? அன்னிக்கு விருந்துக்கு வாங்கினு போனியே, புள்ளைங்க வயித்துக்கு ஒத்துக்கிச்சா?'ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. கூடையத் தூக்கிவிடச் சொன்னாங்க. தூக்க முடியலைங்க, அவ்ளோ கனம்."

மற்ற வீடுகளுக்கு இப்போது ஆப்பில் ஆர்கானிக் கீரை வருகிறது. வேர் வெட்டி, கழுவி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில். குடியிருப்பின் குப்பைத் தொட்டியில் அந்த டப்பாக்கள் நிரம்பி வழிகின்றன. பிளாஸ்டிக் வேண்டாம் என்று அந்தத் தொட்டியின் மேல் அட்டை எழுதி ஒட்டியவனும் நான்தான்.

கனமான கூடை என்று மனைவி சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. அடுத்த ஞாயிறு அக்கா மாடிக்குத் துணி எடுக்க வந்தபோது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுச் சொன்னேன். "அக்கா, அன்னைக்கு நீங்க சாப்பிட்டது எங்க கீரை இல்லைங்க. எங்களுது ஒரு கரண்டிதான் வந்தது. மீதியெல்லாம் அந்தம்மாகிட்ட வாங்கினது."

"விளையாடாதீங்க தம்பி!"

"நெஜமாத்தான்க்கா. நீங்க ருசியா இருக்குன்னு சொன்னது அவங்க கீரையத்தான்."

அக்கா கொடியில் மிச்சமிருந்த துணியை உருவினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அட, விடுங்க தம்பி. இதுக்குப் போய் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க" என்றார்.

"இனிமே அவங்ககிட்ட வாங்கலாம்லக்கா?"

"அதுக்கில்லீங்க. டப்பாவுல வர்றது ஆய வேண்டியதில்ல, கழுவ வேண்டியதில்ல. பழகிருச்சுங்க." துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

குடியிருப்பின் வாட்ஸப் குழுவிலும் எழுதினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதிப் போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். மூன்றாவதாக ஒருவர், மோட்டார் ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்டார்.

மாடியில் நான் அக்காவிடம் பேசியதைத் தண்ணீர்த் தொட்டியின் அந்தப் பக்கம் இருந்து என் மகள் கேட்டிருக்கிறாள். அக்கா போனதும் வந்து நின்றாள். கையில் தம்பியின் விரலைப் பிடித்திருந்தாள்.

"அப்போ அன்னைக்கு நான் சாப்பிட்டது விஷமா?"

"இல்லடா."

"தம்பியும் சாப்பிட்டானே."

அவனுடைய வாயைத் திறந்து உள்ளே பார்த்தாள். அவன் விளையாட்டு என்று நினைத்து நாக்கை நீட்டினான். அவள் கண்ணில் இருந்தது பயம். நான் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அது நல்ல கீரைதான், யாருக்கும் எதுவும் ஆகாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"அப்புறம் ஏன் விஷம்னு சொன்ன?"

"நீ கீரை சாப்பிடணும்னுதான்."

"நான் சாப்பிட்டது அவங்க கீரையத்தானே?"

பூச்சி மருந்து பற்றி அவளுக்குப் புரிகிற மாதிரி விளக்கத் தெரியவில்லை எனக்கு. இத்தனை படித்தும், விஷம் என்று சொல்ல வந்த அளவுக்கு அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் மாடிக் கீரையையும் அவள் தொடவில்லை.

கீரைக்காரம்மா வருவது நின்றுவிட்டது. கரையான்சாவடியில் மெயின் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறார் என்று மனைவி யாரிடமோ விசாரித்துச் சொன்னாள். மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு போனேன். ஒரு செருப்புக் கடையின் ஷட்டருக்கு முன்னால், பஸ்கள் உரசிக்கொண்டு போகிற இடத்தில், கோணி விரித்துக் கட்டுகளை அடுக்கியிருந்தார். சின்ன பாட்டிலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்.

"வா நைனா! இன்னா பாப்பா, விசம் வாங்க வந்தியா?"

என் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

"பாப்பா மேல தப்பில்லம்மா. சொல்லிக்கொடுத்தது நான். அன்னைக்கு நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

"அத்தெல்லாம் தெரியும் நைனா." அவர் கட்டின் வாழைநாரை இறுக்கினார். சிரிப்பு இல்லை. "நான் கேட்டனா இல்லையா?"

"கேட்டீங்க."

"அத்தோட உடு."

"திரும்ப எங்க பக்கம் வாங்கம்மா."

"யாரு வாங்குவா? உன் ஊட்டுக்கு ஒரு கட்டு விக்க அம்மாந்தூரம் செமந்துகினு வரவா?" ஒரு பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போனது. புடவைத் தலைப்பால் கட்டுகளை விசிறினார். "இங்க இதான் ரோதனை. எம்மாந் தண்ணி தெளிச்சாலும் தூசி வந்து குந்திக்குது. சரி, எத்தினி கட்டு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து, "ரெண்டு" என்று சத்தம் வந்தது. அவர் எட்டிப் பார்த்து, நல்லதாக இரண்டு பொறுக்கி, என்னிடம் தராமல் அவள் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அகலமான பாத்திரத்தில் நான் கழுவ, மகள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நின்று பார்த்தாள். முதல் தண்ணீர் கறுப்பாக இறங்கியது. கேட்டருகில் அவரிடம் வாங்கிய எந்தக் கட்டிலும் இப்படி இறங்கியதில்லை.

"இது விஷமாப்பா?"

"இல்ல, ரோட்டுத் தூசி."

"முன்னாடி நம்ம கேட்டுக்கு வந்தாங்கல்ல. இப்ப ஏன் ரோட்ல உக்காந்திருக்காங்க?"

"என்னாலதான்" என்றேன்.

அவள் ஸ்டூலிலிருந்து எட்டித் தண்ணீரைப் பார்த்தாள். நான் கீரையைப் பிழிந்து எடுத்து வைத்துவிட்டு, பாத்திரத்தை சிங்க்கில் சாய்க்கப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினாள். காய் கழுவிய தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். அதற்குள் கறுப்பைப் பார்த்து அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இதை நம்ம செடிக்கு ஊத்தலாமா?"

"ஊத்தலாம்" என்றேன். சிந்தாமல் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினோம்.