தானாக உப்பும் வைக்கோல்

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு வைக்கோல் குவியலுக்காக எங்கள் வீட்டு மாட்டோடு நான் மல்லுக்கு நின்றேன். இன்றைக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம்.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். பள்ளிக்கூடத்தில் உயரம் தாண்ட மணல் குழிதான் உண்டு. மணலில் காலூன்றித்தான் இறங்க முடியும் என்பதால் முதலில் ஒரு காலை வீசி, பிறகு மறு காலை வீசி, வேலி தாண்டும் ஆடு மாதிரிதான் தாண்டுவோம். அதில் பள்ளிக்கே நான்தான் முதல். ஆனால் திருவாரூரில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கு இந்த ஆட்டுத் தாவல் போதாது என்று பி.டி. டீச்சர் சொல்லிவிட்டார். அங்கே வரும் பிள்ளைகள் கம்புக்கு முதுகைக் காட்டி, மல்லாந்து பறந்து, மெத்தையில் விழுவார்களாம். செல்போனில் வீடியோவும் காட்டினார்.

"உன் உயரத்துக்கு இதுதான் வழி. கத்துக்கிட்டா கூட்டிட்டுப் போறேன், இல்லன்னா வேணாம். ஆனா மணல்ல செஞ்சு பாத்துராத, கழுத்து போயிரும். மெத்துன்னு ஏதாவது வேணும்" என்றார்.

மெத்தென்று இருப்பது எது என்று சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. குறுவை அறுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. மிஷின் துப்பிய வைக்கோலை அப்பா டிராக்டரில் ஏற்றி வந்து கொல்லையில் கொட்டியிருந்தார்.

அந்த வைக்கோல் அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல், நான் பிறப்பதற்கு முன்பே திரும்பி வந்தவர். மாடும் மாட்டைச் சேர்ந்த சகலமும் அவர் பொறுப்பு. அவர் வாய்க்கு அப்பாவே பயப்படுவார். நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த பொருளைக் கேட்காமல் எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

தென்னை மரத்துக்கும் ஒரு மூங்கில் கழிக்கும் நடுவில் துணி காயப்போடும் கயிற்றை இழுத்துக் கட்டினேன். முதல் நாள் ஓடிவந்து ஓடிவந்து கயிற்றுக்கு முன்னால் நின்றுவிட்டேன். முதுகைத் திருப்பினால் பின்னால் ஒன்றுமே இல்லாதது போல ஒரு பயம். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து, கயிற்றின் மேலேயே உட்கார்ந்து, கழியோடு சேர்ந்து சாய்ந்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார்.

"எலும்பு கிலும்பு முறிஞ்சா யாரு பாக்குறது? கயித்த அவுத்துப் போடு" என்றார்.

கொட்டகையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "விடு தம்பி. இவளாவது தாண்டுறதாவது. நாலு நாள் குதிச்சுட்டுத் தானா அடங்கிருவா."

அப்பா உள்ளே போய்விட்டார். அத்தை பேசும்போது எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்பா திட்டியதுகூட வலிக்கவில்லை, 'இவளாவது தாண்டுறதாவது' என்றதுதான் நெஞ்சைக் குத்தியது. அந்த ஒரு பேச்சுக்காகவே தாண்டிக் காட்டுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கழியை மறுபடி நட்டேன்.

அதன் பிறகு தினமும் சாயந்திரம் இருட்டும் வரை விழுந்தேன். முதுகெல்லாம் அரிக்கும். அத்தை புலம்புவார். "மிதிச்ச வைக்கல மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது. பால் கொறஞ்சா எங்கிட்ட காப்பின்னு வந்து நிக்காத." நான் காதில் வாங்கவில்லை. வைக்கோல் அப்பளமாகப் படுத்ததும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். மறுநாள் பள்ளி விட்டு வந்தால் பழையபடி இடுப்பளவுக்கு உப்பி நிற்கும். இலவம்பஞ்சுத் தலையணையை வெயிலில் போட்டால் உப்புகிறதே, அதைப் போலத்தான் இதுவும் என்று எடுத்துக்கொண்டேன். மழை தூறிய நாளில்கூட தார்ப்பாய்க்கு அடியில் அது உப்பித்தான் இருந்தது. படுத்த வைக்கோலைக் குனிந்து கை கையாக அள்ளி உதறினால் ஒழிய அது எழும்பாது என்பது மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். எனக்குத் தாண்டுவதைத் தவிர வேறு நினைப்பில்லை.

அந்த நாட்களில் அத்தையின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு சொறிந்தபடி உட்கார்ந்திருப்பார். ஏதோ பூச்சி கடித்துவிட்டது, பாவம் என்று நானே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என் முதுகு அரிப்பே எனக்குப் பெரிதாக இருந்ததால் அவருக்குக் கை ஏன் அரிக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒருநாள் சாயந்திரம் ஓடிவந்து திரும்பினேன். தென்னங்கீற்று தெரிந்தது, வானம் தெரிந்தது, வைக்கோலுக்குள் புதைந்தேன். எழுந்து பார்த்தால் கயிறு ஆடாமல் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து டீச்சர் ஸ்கூட்டியில் வந்து, கொல்லையில் நின்றே பார்த்துவிட்டு, "கிளம்பு" என்றார்.

திருவாரூரில் மற்ற பிள்ளைகள் ஷூ போட்டிருந்தார்கள். எனக்கு வெறுங்கால். கடைசி உயரத்தில் இரண்டு முறை கம்பைத் தட்டிவிட்டேன். மூன்றாவது முறை ஓடும்போது 'இவளாவது தாண்டுறதாவது' என்றுதான் காதில் கேட்டது. கம்பு நடுங்கி, யோசித்து, அங்கேயே நின்றது. மூன்றாவது பரிசு. மெத்தையிலிருந்து இறங்கித் திரும்பிப் பார்த்தேன். நான் விழுந்த பள்ளம் மெல்ல மெல்லத் தானாகவே மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்தபோது அத்தை பால் கறந்துகொண்டிருந்தார். சான்றிதழை நீட்டினேன். "கை ஈரமா இருக்கு, உள்ள வை" என்றார். மூன்றாவது பரிசு அவருக்குப் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, வேறு ஏதாவது சொல்லி அசத்தப் பார்த்தேன்.

"அங்க போட்டிருக்கிற மெத்தையும் நம்ம வைக்கல் மாதிரிதான் அத்தை. நாம விழுந்து எந்திரிச்சதும் அதுபாட்டுக்குத் தானா உப்பிக்குது."

அத்தையின் கை நின்றது. என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு முழங்கைத் தடிப்பை முட்டியில் தேய்த்துக்கொண்டு, "ஆமாடி, அதுக்கு வேற என்ன வேலை" என்று சொல்லிவிட்டு மறுபடி கறக்கத் தொடங்கினார்.

அத்தையே ஒத்துக்கொண்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, காப்பி எப்போது ஆகும் என்று கேட்டேன்.