சம்பந்தி வீட்டுப் பின்வாசல்

நசரத்பேட்டை கெங்கம்மாள் தன் மகள் பேபியின் கல்யாணத்தன்று வலது கையை முந்தானைக்குள் வைத்தே சமாளித்துவிட்டாள். குஷ்டம் குணமாகிவிட்டதென்று டாக்டர் சொல்லியும் மடங்கிப்போன விரல்கள் நிமிரவில்லை. அதைப் பார்த்தால் எந்த மாப்பிள்ளை வீட்டார் தாலி கட்ட விடுவார்கள்?

அறுபத்தொன்பதாம் வருஷம் ஊருக்கு ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. ஜனங்கள் இந்த நோயை ஏன் மறைக்கிறார்கள் என்று அறிய, "வீட்டில் யாருக்காவது குஷ்டம் உண்டா?" என்று வீடுவீடாகக் கேட்டார்கள். கேட்கிற கேள்வியா அது? முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் குணமானவர்களையே கூட்டி உட்காரவைத்து யோசனை கேட்டார்கள்.

"அப்டிக் கேட்டா எவ சொல்லுவா? அடுப்புல சுட்டும் ஒறைக்காத எடம் கீதான்னு கேளுங்க. மொதல்ல நான் என் கையக் காட்டறேன்" என்றாள் கெங்கம்மாள். எந்த வீட்டுச் சங்கதியும் வெளியே போகக்கூடாது என்பதும் அவள் போட்ட நிபந்தனைதான்.

கதவுகள் திறந்தன. பெண்கள் அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தங்கள் தேமலைக் காட்டினார்கள். ஆனால் அந்தக் கையைப் பற்றிய பேச்சு பேபி வாழ்க்கைப்பட்ட பூந்தமல்லிக்கும் போய்விட்டது. தலைப்பிரசவத்துக்குப் பேபியை அழைத்துவரப் போனவளைச் சம்பந்தி அன்னம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"அந்தக் கையாலயா புள்ளையத் தூக்குவே? பேபி இங்கயே பெத்துக்கட்டும். நீ கெளம்பு."

உள்ளே பேபி அழுதது கேட்டது. கெங்கம்மாள் தனியாகவே ஊர் திரும்பினாள்.

சில வாரங்களில் அதே அன்னம்மாள், பின்வாசலுக்கு வரும்படி ஆள் அனுப்பினாள். முழங்கையில் கொப்புளம். சட்டி சுட்டது தெரியவே இல்லையாம். ஆராய்ச்சிக் குழுவின் டாக்டரம்மாவைத் தன் உறவுக்காரி என்று சொல்லி அந்த வீட்டுக்கு அழைத்துப்போனாள் கெங்கம்மாள். அதே நோய்தான். "யார்கிட்டயும் சொல்லிடாதே சம்பந்தி. மாத்திரைய நீயே கொண்டாந்து குடு" என்று கெஞ்சினாள் அன்னம்மாள்.

தெருவில் நின்று ஒரு வார்த்தை கத்தினால் போதும், அன்னம்மாளின் மானம் கப்பலேறிவிடும். சங்கதி வெளியே போகாது என்று நம்பித் திறந்த கதவெல்லாம் திரும்பச் சாத்திக்கொள்ளும். கெங்கம்மாள் வாயை அடக்கிக்கொண்டாள்.

பேபிக்கு ஆண் குழந்தை பிறந்தது. மாத்திரையோடு போனபோது அன்னம்மாள் குழந்தையைத் தோளில் போட்டபடியே கதவைத் திறந்தாள்.

"ஒரே ஒரு தபா புள்ளையக் குடு, சம்பந்தி."

"வேணாம். யாராச்சும் பாத்துடுவாங்க."

"மாத்திரை துன்னு கொணமான கை இது. உனுக்கு இன்னும் கொணமாவல. எந்தக் கையி புள்ளையத் தூக்கக்கூடாதுன்னு நீயே சொல்லு."

அன்னம்மாள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

எக்கேடாவது கெட்டுப்போ என்று விட்டுவிடலாம். ஆனால் அன்னம்மாள் மாத்திரையை நிறுத்தினால், நோய் முதலில் தோளில் கிடக்கும் அந்தப் பிஞ்சையல்லவா பிடிக்கும்? அடுத்த வாரமும் கெங்கம்மாள் பின்வாசலில் போய் நின்றாள்.