இரண்டு ஷேட் வெளுப்பு

என் முகத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். வலது புருவத்துக்கு மேலே நிறம் கொஞ்சம் அடர்ந்திருக்கும், மூக்கின் இரண்டு பக்கமும் பத்து நிமிடத்தில் எண்ணெய் வடியும், தாடைக்குக் கீழே தோல் சட்டென்று இன்னும் கறுக்கும். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூன்று வருடம் என் முகத்தில்தான் அவள் மேக்கப் பழகினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் கவரைப்பேட்டையில் அவள் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்துவிடுவாள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். பாதி நாள் அப்படியே தூங்கிவிடுவேன்.

நாங்கள் இரண்டு பேரும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில், ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பைக்குக்கான பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனி அது. பெயின்ட் காய்ந்து வரும் பாகத்தை வெள்ளை விளக்குக்கு அடியில் வைத்து, பக்கத்தில் நிற மாதிரி ஒட்டிய ஷேட் கார்டைப் பிடித்துப் பார்த்து, நிறம் துளி மாறியிருந்தாலும் ஒதுக்கி வைப்பதுதான் எங்கள் வேலை. என் கண் தப்பாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. நான் ஒதுக்கியதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிச் சூப்பர்வைசர் வந்தால், அவரிடமே கார்டை நீட்டி நீங்களே பாருங்கள் என்பேன்.

அவள் இரண்டு வருடத்தில் நின்றுவிட்டாள். நைட் ஷிப்ட் ஒத்துவரவில்லை. திருவள்ளூரில் ஒரு பார்லரில் மேக்கப் கோர்ஸ் முடித்துவிட்டு வந்து, கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட ஆரம்பித்தாள். கோர்ஸில் சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம்தான் போலிருக்கிறது. வருகிற பெண் எந்த நிறமாக இருந்தாலும் வெளிர் ஃபவுண்டேஷனை எடுத்து அப்பு. கடம்பத்தூரில் அவளுடைய முதல் கல்யாணத்தில் பெண்ணுக்கு முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். பெண்ணின் சித்தி எல்லோர் முன்னாலும் மாவில் முகத்தை வைத்து எடுத்தியா என்று கேட்டுவிட்டாராம். அன்று அவள் என்னிடம் வந்து அழுத அழுகை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கம்பெனியில் நாம் என்ன செய்வோம் என்றுதான் நான் கேட்டேன். கார்டைப் பாகத்தோடு ஒட்டி வைத்துப் பார்ப்போம். அதையே முகத்தில் செய். தாடையில் மூன்று ஷேட்டை மூன்று கோடாகப் போடு, பெண்ணை வாசலுக்குக் கூட்டிப்போய் வெயில் வெளிச்சத்தில் நிற்க வை, எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் அவள் நிறம். அன்றைக்கே என் தாடையில் போட்டுப் பார்த்தோம். என் நிறத்துக்கு ஒரு பாட்டிலும் சரிவரவில்லை. இரண்டு பாட்டிலைக் கலந்துதான் கோடு மறைந்தது. அவள் துள்ளிக் குதித்தாள்.

அதற்கப்புறம் பழக்கமெல்லாம் என் முகத்தில். ஸ்பான்ஜில் போட்டால் பாதி ஃபவுண்டேஷனை ஸ்பான்ஜே குடித்துவிடுகிறது என்று பிரஷ்ஷுக்கு மாறினாள். ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் இரண்டு நிறத்தையும் கலப்பாள். தட்டை பிரஷ் தொடும் சத்தம் கேட்கும். மூக்கின் ஓரத்திலிருந்து காதுப் பக்கமாகக் குட்டிக் குட்டி இழுப்பு. பிறகு உருண்டைப் பிரஷ் எடுத்து வட்டமாகச் சுற்றுவாள். கடைசியில் தாடையைத் தாண்டிக் கழுத்தில் ஒரே ஒரு தடவை மெல்லத் தடவிவிட்டு நிறுத்திவிடுவாள். நிறம் சரியாக இருந்தால் கழுத்துக்கு அதற்குமேல் தேவையில்லை. முடித்துக் கண்ணாடியை நீட்டும்போது நான்தான் தெரிவேன், நன்றாகத் தூங்கி எழுந்த நான்.

அந்தப் படங்களைத்தான் அவள் தன் இன்ஸ்டா பக்கத்தில் முதலில் போட்டாள். உங்கள் நிறத்திலேயே உங்கள் அழகு என்று மேலே எழுதி, கீழே என் முகம். அதைப் பார்த்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெரியபாளையம், பொன்னேரி என்று சுற்றுவட்டாரமெல்லாம் போய்க்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ்ஸில் யாராவது அந்தப் படத்தைக் காட்டி இது நீதானே என்று கேட்டால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். கறுப்பாகப் பிறந்ததற்கு முதன்முதலாக யாரோ என்னைப் பாராட்டியது போல இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது எனக்குத் தேவைப்பட்டது.

எனக்கு மாப்பிள்ளை அமைந்தது பெரியபாளையம் பக்கம். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, பெண் மாநிறம் என்று இழுத்தார். என் அம்மா உடனே, மாநிறமெல்லாம் இல்லீங்க, கறுப்புதான், என் கலர், என்றாள். அம்மாவும் நானும் ஒரே நிறம். சமையலறையில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்த எனக்கு அவளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கல்யாண மேக்கப் என் தோழிதான் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். "மஞ்சா பூசினா ஷேட்டு மாறிடும்டி. கை காலுக்கு பூசிக்கோ. மூஞ்சில மட்டும் வாணாம்னு சொல்லிடு." நலங்கில் முகத்துக்கு மஞ்சள் வேண்டாம் என்றால் அப்பாவின் அக்கா, என் அத்தை, விடுவாரா? மூன்று நாள் நலங்கு, மூன்று நாளும் சண்டை. மஞ்சள் படாத முகத்தோடு மணையில் உட்காரும் பெண்ணை அவர் எந்த ஊரிலும் பார்த்ததில்லையாம். கடைசி நாள் மஞ்சள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மாதான் என் பக்கம் நின்றாள். மேக்கப் போடும் பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அத்தையிடம் வாதாடினாள். அம்மா எனக்காகச் சண்டை போடுகிறாள் என்று நினைத்தேன்.

முகூர்த்தம் ஒன்பதரைக்கு. கவரைப்பேட்டையில் மண்டபம். ஆறு மணிக்கெல்லாம் மணப்பெண் அறையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி என்னை உட்கார வைத்தாள். முடிந்த பிறகு பார்த்தால்தான் சந்தோஷம் என்றாள். எப்போதும் போலக் கண்ணை மூடிக்கொண்டேன். தட்டில் பிரஷ் தொடும் சத்தம், மூக்கோரத்தில் ஜில்லென்ற முதல் இழுப்பு. எல்லாம் பழகியதுதான். கழுத்துக்கு வந்தபோது ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தாள். காதுக்குப் பின்னால் போட்டாள். பிறகு என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் பிரஷ்ஷால் தீட்டினாள். கைக்கு எதற்கு என்று கண்ணைத் திறக்காமலே கேட்டேன். வளையலை குளோசப்பில் எடுப்பார்கள் என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். கம்பெனியில் இப்படி ஒன்று என் கண்முன் நடந்திருந்தால் அடுத்த நிமிடம் லைனை நிறுத்தியிருப்பேன். அவள் கையில் முகத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்ததால் சந்தேகம் என்ற ஒன்றே எனக்கு வரவில்லை.

நகையெல்லாம் போட்டு, ஜடை வைத்து, பூ வைத்து, ஒன்பது மணிக்கு என்னைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அழகாகத்தான் இருந்தாள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேலை சுத்தம், திட்டு இல்லை, கோடு இல்லை. ஆனால் அந்த முகத்தில் நான் இல்லை. இரண்டு ஷேட் வெளுப்பு. அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கார்டு தேவையில்லை.

இது என்ன என்று கேட்டேன். அவள் பிரஷ்களைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "மஞ்சா பூசிக்கின இல்ல, அதான் அப்டி தெரியுது. ஃபோட்டோல செட்டாயிடும்."

"என் மூஞ்சில மஞ்சா படவே இல்ல. நீதான் வாணான்ன."

அவள் கை நின்றது. அத்தையோடு மூன்று நாள் மல்லுக்கட்டியது யார் சொல்லி என்று ஒரு கணம் அவளுக்கே மறந்துபோயிருக்க வேண்டும். கண்ணாடியைப் பார்த்துத் திகைக்கிற பெண்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறிவிட்ட சாக்கு அது. அதையே என்னிடமும் எடுத்து வீசிவிட்டாள். நிறத்தை மாற்றியதைக்கூட எப்படியோ பொறுத்திருப்பேன். ஊர்க்காரியிடம் சொல்கிற பொய்யை என்னிடமும் சொன்னாளே, அதைத் தாங்க முடியவில்லை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"உங்கம்மாதான் ரெண்டு ஷேட்டு தூக்கிட சொன்னாங்க. நிச்சயம் முடிஞ்ச மறுநாளே எங்க ஊட்டுக்கு வந்து கைய புடிச்சிக்கினாங்க. நான் இன்னா பண்றது சொல்லு? எல்லாருக்கும் இதான்டி போடறேன். உன் ஃபோட்டோவ பாத்துட்டு வர்றாங்க. வந்து குந்தினதும், என்னை மட்டும் கொஞ்சம் தூக்கிடுன்றாங்க."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் என்றாள். அந்த ஒரு வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் நிறத்தில் எனக்குப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஊரில் தன் நிறத்திலேயே மேக்கப் போட்டுக்கொண்ட ஒரே ஆள் நான்தான் என்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

வெளியே மேளம் வேகம் பிடித்தது. பெண்ணைக் கூப்பிடுகிறார்கள் என்று கதவைத் தட்டினார்கள். முகத்தைக் கழுவ நேரமில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு எழுந்து போனேன். மணையில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை என்னை ஒரு முறை பார்த்தார், தலையைத் திருப்பி மறுபடி ஒரு முறை பார்த்தார். ஆள் நான்தானா என்று பார்த்ததாகத்தான் எனக்குப் பட்டது. தாலி கட்டும்போது நான் குனிந்த தலை நிமிரவில்லை. பெண் என்ன அடக்கம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

காலில் விழ வேண்டிய எல்லோர் காலிலும் விழுந்து முடித்ததும், நேரே சமையல் கட்டுக்குப் போய் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் கேட்டேன். சமையல்காரர் ஒன்றும் புரியாமல் கொடுத்தார். பின்பக்கக் குழாயடியில் நின்று முகம், கழுத்து, கை எல்லாம் தேய்த்துக் கழுவினேன். முகூர்த்தப் புடவையின் தோள்பட்டை முழுக்க ஈரமானது. அவள் பின்னாலேயே வந்து நின்றாள். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. அழுதுகொண்டிருந்தாள்.

"என் ஃபோட்டோவெல்லாம் எடுத்துடு," என்றேன்.

"எடுத்துட்டா எவடி வருவா," என்றாள்.

அவளைத் தாண்டிப் பந்திக்குப் போனேன்.

முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவர் எனக்கு இடம் பிடித்து வைத்து உட்கார்ந்திருந்தார். அம்மா தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக உபசரித்து வந்தாள். வாசலில் நான் நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எதற்கு என்னைக் கறுப்பு என்று அவ்வளவு கம்பீரமாகச் சொன்னாய் என்று கேட்டிருப்பேன். அம்மா திட்டவில்லை. சட்டென்று திரும்பி, சம்பந்தியம்மா எங்கே என்று தேடினாள். அவர் குனிந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா ஜக்கை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வேகமாக என்னிடம் வந்தாள். தன் புடவைத் தலைப்பை இழுத்து இரண்டு தோளிலும் போர்த்திக்கொண்டு, சம்பந்தியம்மா இருந்த பக்கத்திலிருந்து யாரும் என்னைப் பார்த்துவிடாதபடி மறைத்து நின்றாள்.