முப்பது வீடும் ஒரு தாழ்ப்பாளும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை, பைகளுக்குள் கை விடுவது. டாக்டர்களின் வெள்ளை மேலங்கி, நர்ஸ்களின் சட்டை, நோயாளிகளின் நீல அங்கி, எது வந்தாலும் இயந்திரத்துக்குள் போகுமுன் அவள் கை ஒருமுறை அதன் பைக்குள் போய்வர வேண்டும். பேனா, சில்லறை, மிட்டாய், பாதி காலியான மாத்திரை அட்டை, ஒருமுறை ஒரு பல்செட். ஒரு பேனா தப்பினால் நாற்பது விரிப்பும் நீலமாகிவிடும். பதினேழு வருஷத்தில் ஒன்றுகூடத் தப்பியதில்லை. அங்கே எல்லாருக்கும் அவள் பாக்கெட் அக்கா. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் மேற்பார்வையாளருக்கே மறந்துவிட்டது.

குடியிருந்தது ஐந்து மாடிக் கட்டடம். மாடிக்கு ஆறு வீடு, மொத்தம் முப்பது. அவளுடையது ஐந்தாவது மாடியில் இருபத்தேழாம் எண். அவளும் கணவரும் மட்டும். அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர், இடது பாதம் கோணல். கடையை மூடிய பிறகு மேசையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். சுவரெல்லாம் கடிகாரம். சில ஓடும், சில ஓடாது, சில தங்கள் இஷ்டத்துக்கு ஓடும்.

நாலு வருஷத்துக்கு முன் உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. அந்த நோயின் முதல் மாதம் கட்டடத்துக்காரர்கள் பால்கனியில் நின்று ஆஸ்பத்திரிக்காரர்களுக்காகக் கை தட்டினார்கள். வேலை முடிந்து வந்த அவளை நிறுத்திவைத்தும் தட்டினார்கள். இரண்டாவது மாதம் கடிதம் எழுதினார்கள்.

வாசலில் ஒட்டியிருந்தது. ‘நம் அனைவரின் உடல்நலத்தையும் மன அமைதியையும் கருதி, மருத்துவமனையில் பணிபுரியும் இருபத்தேழாம் எண் வீட்டுப் பெண்மணி மின்தூக்கியையும் முன்படியையும் தவிர்த்து, பின்புற இரும்புப் படியைப் பயன்படுத்துமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’ குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கையெழுத்து. வாழ்நாளெல்லாம் லிஃப்ட் என்று சொன்ன மனிதர், துரத்துவதற்கு மட்டும் மின்தூக்கி என்று எழுதியிருந்தார்.

கீழே வீட்டு எண் வாரியாக ஒப்பம். ஒன்றாம் எண் பச்சை மை. நாலாம் எண் பென்சில், பிறகு அழித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமோ என்னவோ. ஒன்பதாம் எண் இரண்டு தடவை போட்டிருந்தாள், கணவனுக்கும் சேர்த்து. அவள் எண்ணிப் பார்த்தாள். வீட்டுக் கணக்கு சரியாக இருந்தது, அதுதான் சரியில்லை. முப்பது வீடு, முப்பது வீட்டுக்கும் ஒப்பம். இருபத்தேழாம் எண்ணுக்கு நேரே, கடிகாரத்தின் முதுகில் பொறிப்பது போலச் சின்னஞ்சிறு எழுத்தில், அவள் கணவர்.

ஓரம் கிழியாமல் கடிதத்தைப் பிய்த்து நாலாக மடித்துக்கொண்டாள்.

“கீழே என்னமோ ஒட்டியிருக்காங்களாமே?” என்றார் கணவர், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஆமா. நான் பின்படியில வரணுமாம்.”

“கொஞ்ச நாளைக்குத்தானே. விட்டுத் தள்ளு.”

கடைசி வரை படித்தாயா என்று அவர் கேட்கவில்லை. படித்தேன் என்று அவளும் சொல்லவில்லை.

பிறகு அந்த மழைநாள். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து, காலை ஆறு மணிக்குத் தொண்ணூற்றிரண்டு இரும்புப் படி ஏறி வந்தாள். ஐந்தாவது மாடிப் பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. முந்தைய நாள் பத்தொன்பதாம் எண்ணில் யாருக்கோ காய்ச்சல் கண்டிருந்தது. அவள் தட்டினாள். கதவுக்கடியில் விரலளவு இடுக்கு. உள்ளே நடையில் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நின்றது. இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. இளவயதில் எலும்பு முறிந்து கோணலாகக் கூடிய பாதம். ஆயிரம் பாதத்திலும் அவளுக்குத் தெரியும்.

“நான்தான்,” என்றாள்.

பாதங்கள் அசையவில்லை. பின்னால் செயலாளரின் குரல் ஏதோ சொன்னது. “நானும் இங்கதான் குடித்தனம் பண்ணணும் சார்,” என்றது அவளுக்குப் பழகிய இன்னொரு குரல். பாதங்கள் போய்விட்டன.

மூன்று மணி நேரம் அவள் இரும்புத் தட்டில் மழையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிடலாம் என்று இறங்கினாள். பாதி இறங்கியபோது வழுக்கியது. வலது முழங்காலில் இப்போது இருப்பது பாதி எலும்பு, பாதி உலோகம். நடந்தால் ஒரு தட்டும் ஒரு இழுப்புமாகச் சத்தம் வரும். கட்டடத்தில் யாரும் அவளைத் திரும்பிப் பார்த்து அறிய வேண்டியதில்லை.

கால் கட்டுப்போட்டுக் கிடந்த நாற்பது நாளும் கணவர் ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் குடித்தாள். நல்ல டீதான். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவர் அழுவார். அழுதால் தீர்ந்துவிடும். தீர்த்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

நாலு வருஷமாக அந்தக் கடிதம் அவள் தலையணை உறைக்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் எடுத்துப் படிப்பாள். சிலருக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் உடம்பு லேசாகும். அவளுக்கு இது. என்றைக்காவது முப்பது வீட்டையும் ஓரிடத்தில் உட்காரவைத்து இதை உரக்கப் படிக்க வேண்டும். வேறு ஆசை கிடையாது.

அந்த நாளைச் செயலாளரே கொண்டுவந்து கொடுத்தார்.

எங்கோ தூர தேசத்தில் புதுக் காய்ச்சல் ஒன்று கிளம்பியிருப்பதாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. கடைகளில் மறுபடி வரிசை. கட்டடத்தில் தூக்கமில்லை, படபடப்பு என்று பேச்சு. சங்கம் ஒரு கூட்டம் போட்டது. மனநல ஆலோசகர் வருகிறாராம். தலைப்பு: ‘நெருக்கடியிலும் நம் பொதுப் பண்புகள்.’

செயலாளர் ஐந்தாவது மாடிக்கு ஏறி வந்து, உட்காராமல் நின்றார்.

“உங்களை மாதிரி நேர்ல நின்னு பார்த்தவங்க நாலு வார்த்தை சொன்னா ஜனங்களுக்குத் தெம்பா இருக்கும்மா. நாம எல்லாம் அன்னிக்கு எப்படி ஒத்துமையா இருந்தோம்னு.”

“சொல்றேன் சார்.”

“சுருக்கமா.”

“பேர் பேரா சொன்னா கொஞ்சம் நேரமாகும். பரவாயில்லையா?”

“நன்றி சொல்றதுக்கு நேரம் பார்க்க முடியுமா?” என்று சிரித்தார் செயலாளர். மேசையில் வேலையாக இருந்த கணவரின் கையிலிருந்து திருப்புளி கீழே விழுந்தது. அவர் குனிந்து வெகுநேரம் தேடினார்.

ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கூட்டம். அவளுக்குக் காலை வேலை, இரண்டு மணிக்கு முடியும். கடிதத்தை வீட்டில் விட்டுப்போக மனம் வராமல் சீருடைச் சட்டையின் பையில் வைத்துக்கொண்டாள். காலையெல்லாம் கை தானாக அதைத் தொட்டுப் பார்த்தது. செயலாளரின் முகம் எப்படிப் போகும், ஒன்பதாம் எண்காரி எங்கே பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டே நூற்றுக்கணக்கான பைகளுக்குள் கை விட்டாள். பதினொரு மணிக்கு ப்ளீச் திரவம் தெறித்துச் சட்டை நனைந்தது. கழற்றித் தள்ளுவண்டியில் எறிந்துவிட்டு மாற்றுச் சட்டை போட்டாள். செயலாளர் அப்போதுதான் அவள் மனசுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். அவர் வியர்ப்பதைப் பாதியில் விட முடியவில்லை.

ஒரு மணிக்கு இஸ்திரி இயந்திரத்தில் நிற்பவள் வந்தாள்.

“அக்கா, எதுவோ பேப்பர் தப்பிருச்சு. விரிப்பெல்லாம் பஞ்சு பஞ்சா ஒட்டியிருக்கு. பதினேழு வருஷத்துல முதல் தடவை. யாரு பாக்கெட்டு?”

அவள் கை சட்டைப் பைக்குப் போனது. புதுச் சட்டை.

“என் பாக்கெட்டு,” என்றாள்.

“உன் பாக்கெட்டா? என்ன, காதல் கடுதாசியா?”

“ஆமா. முப்பது பேர் சேர்ந்து எழுதினது.”

இஸ்திரிக்காரி சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். அக்கா இயந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றி, அதில் படிந்திருந்த கூழை விரலால் வழித்தெடுத்தாள். எலுமிச்சையளவு உருண்டை. பச்சை மை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. ஒரு துண்டுத் துணியில் அதை முடிந்துகொண்டாள். பேசாமல் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாலு வருஷம் வளர்த்த கோபத்தை ஒரு கூழுருண்டைக்காக விட்டுவிட அவள் ஒன்றும் பெரிய மனசுக்காரி அல்ல.

கீழ்த்தளத்துக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஏறக்குறைய எல்லா வீடும் வந்திருந்தது. ஆலோசகர் சின்ன வயசுப் பெண், நல்ல குரல். கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னாள். எல்லாரும் இழுத்தார்கள். ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்ததால்தான் நாம் பிழைத்தோம், அந்த ஞாபகம்தான் நமக்கு மருந்து என்றாள். ஒன்பதாம் எண்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவர் கடைசி வரிசையில் மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் அழைத்தார். தட்டு, இழுப்பு, தட்டு, இழுப்பு. கைதட்டினார்கள்.

“போன தடவை நீங்க எல்லாரும் எனக்கு ஒரு கடிதம் எழுதினீங்க,” என்றாள். “அது இன்னிக்குக் காலையில சலவையில போயிடுச்சு.” துணியை அவிழ்த்து உருண்டையைச் செயலாளரின் மேசை மேல் வைத்தாள். “பரவாயில்ல. எனக்கு மனப்பாடம்.”

முதலில் கடிதத்தைச் சொன்னாள். மின்தூக்கி, அன்புடன், எதையும் விடவில்லை. பிறகு ஆரம்பித்தாள்.

“ஒண்ணாம் எண், பச்சை மை. ரெண்டாம் எண், சாய்ச்சுப் போட்ட கையெழுத்து, கீழே ரெண்டு கோடு. மூணாம் எண். நாலாம் எண், பென்சில். சார், அழிக்கணும்னா இப்ப அழிச்சுக்கலாம், உருண்டை அங்கதான் இருக்கு.”

யாரோ சிரிக்கப் போய் இருமினார்கள். அவள் அவசரப்படவில்லை. வீட்டு எண்ணைச் சொல்லி, அந்த வீட்டுக்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். ஒன்பதாம் எண்காரி துடைத்த கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். பத்தொன்பதாம் எண்காரர் எழுந்து போகப் பார்த்தார். “உட்காருங்க அண்ணே, உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப உங்க விரிப்பு என் கைக்குத்தான் வந்தது,” என்றாள். உட்கார்ந்துவிட்டார். ஆலோசகர் குறிப்பேட்டை மூடிவைத்தாள்.

“இருபத்தஞ்சு. இருபத்தாறு.”

கடைசி வரிசையில் தலை நிமிர்ந்தது. அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் அந்த முகத்தையும் பார்த்தாள், மற்ற எல்லா முகத்தையும்விடக் கொஞ்சம் அதிக நேரம்.

“இருபத்தெட்டு,” என்றாள். “இருபத்தொன்பது. முப்பது.”

செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் முதல்முறையாக அவருக்குப் பிடி ஒன்று கிடைத்திருந்தது.

“ஒண்ணு விட்டுட்டீங்கம்மா. நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

“விடல சார். அதை இங்க சொல்றதுக்கு வைக்கல.”

தட்டு, இழுப்பு. வாசலுக்கு வந்தாள். கணவர் பின்னாலேயே வந்தார். லிஃப்ட் எதிரே இருவரும் நின்றார்கள்.

“எப்பலேருந்து தெரியும்?”

“ஒட்டின அன்னிக்கே.”

“நாலு வருஷமா...”

“நாலு வருஷம் நாலு மாசம்.”

“கேட்டிருக்கலாமே நீ. ஒரு வார்த்தை.”

“நான் கதவைத் தட்டினேனே.”

அவர் தன் இடது பாதத்தைப் பார்த்தார். லிஃப்ட் வந்தது. அவள் உள்ளே போய், அவர் காலெடுத்து வைக்குமுன் கையை நீட்டித் தடுத்தாள்.

“நீங்க பின்படியில வாங்க.”

 அவர் தலையசைத்துவிட்டுக் கட்டடத்தைச் சுற்றி நடந்தார்.

மேலே போனதும் அவள் முதலில் நடையின் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். துருப்பிடித்திருந்தது, உள்ளங்கையால் அடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் போய்ச் சுவரிலிருந்த கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பழுது மேசையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஒரு நாற்காலியை இழுத்து வந்து பின்கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். மணி ஐந்தரை.

இரும்புப் படியில் காலடி கேட்டது. கோணல் பாதம் ஏறும் சத்தம், இடையிடையே நின்று மூச்சு வாங்கியது. கதவு மெல்லத் தட்டப்பட்டது.

“நான்தான்.”

அவள் எழுந்து கதவோரம் போனாள். இடுக்கில் தன் நிழல் நன்றாக விழும்படி இரண்டு காலையும் வைத்து நின்றாள். அந்தப் பக்கம் மூச்சு நின்றது. பார்த்துவிட்டார். போதும் என்று தோன்றியதும் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“எவ்வளவு நேரம்?” என்றார்.

“மூணு மணி நேரம்.”

இரும்புத் தட்டு கிரீச்சிட்டது. அவரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“மழை வரும் போல இருக்கு,” என்றார் கொஞ்சம் கழித்து.

“அன்னிக்கும் வந்தது.”

இருபத்தெட்டாம் எண்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கூட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், முகம் இன்னும் தெளியவில்லை.

“என்னம்மா இது, அவர் வெளியிலயா இருக்காரு? பாவம், திறந்து விட்டுடட்டுமா?”

“வேண்டாம். எல்லாருடைய மன அமைதியையும் கருதி.”

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. இந்தக் கட்டடத்தில் கதவு சாத்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தூறல் இரும்பில் விழும் ஓசை ஆரம்பித்தது. மடியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் வலித்தது, மழைக்கு எப்போதும் வலிக்கும். அவள் காலை நீட்டிக்கொண்டாள். வெளியே அவர் தொண்டையைச் செருமினார்.

“உள்ள ஓடிக்கிட்டிருக்கே, அது எந்தக் கடிகாரம்?”

 அவர் கதவில் காதை வைத்திருக்க வேண்டும், குரல் மிகப் பக்கத்தில் கேட்டது.

“சத்தத்துலயே தெரியுது. அது மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். நான் இன்னும் சரி பண்ணல.”

“தெரியும்,” என்றாள். “அதனாலதான் எடுத்தேன்.”